கழிவு போனது, நினைவு எங்கே? போபால் ஆலை நிலத்தின் முன் நிற்கும் மூன்று கேள்விகள்

போபால்: யூனியன் கார்பைடு ஆலை வளாகத்தில் 40 ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 2025 ஜனவரி தொடக்கத்தில் 12 கொள்கலன்களில் ஏற்றப்பட்டு, பலத்த பாதுகாப்புடன் தார் மாவட்டத்தில் உள்ள பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து எடுக்கப்பட்ட இந்த நடவடிக்கையில், கழிவை எரிக்கும் பணியும் அதே ஆண்டில் நிறைவுற்றது.

ஆலை வளாகத்தில் இப்போது எஞ்சியிருப்பவை துருப்பிடித்த இரும்புக் கட்டமைப்புகளும், மாசுபட்ட மண்ணும், நிலத்தடி நீருமே. அவற்றோடு, நீண்ட காலமாக விடை காணாத ஒரு கேள்வியும் அங்கே நிற்கிறது. உலகின் மிக மோசமான தொழிற்சாலைப் பேரழிவு எனக் கருதப்படும் அந்த இரவில் உயிரிழந்தவர்களுக்கு, அந்த மண்ணில் எத்தகைய நினைவகம் அமையப் போகிறது என்பதே அது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கிய வாயுக்கசிவைத் தாமே கண்டு, அதன் நினைவைச் சுமந்து வாழ்பவர்களில் மிக இளையவர்கள்கூட நடுத்தர வயதை எட்டிவிட்டனர். அன்று 30 வயதில் இருந்தவர்கள் 70 வயதைத் தாண்டிவிட்டனர். இன்னும் இருபது, முப்பது ஆண்டுகளில், அந்த இரவைப் பற்றித் தம் வாயால் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருப்பார்கள். அதன் பிறகு பேச வேண்டியவை கல்லும் ஏடும் ஒலிப்பதிவும்தாம்.

இது போபாலுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஜாலியன்வாலா பாக் படுகொலை, வங்கப் பஞ்சம், பிரிவினை, 1984 டெல்லி கலவரம், குஜராத் நிலநடுக்கம், ஆழிப்பேரலை, கொரோனா பெருந்தொற்று என நாட்டை உலுக்கிய துயரங்கள் பல. அவற்றில் சிலவற்றுக்கு வானளாவிய நினைவகங்கள் எழுந்துள்ளன. சிலவற்றுக்கு ஒரு கல்வெட்டுகூட இல்லை. எழுந்தவற்றுள்ளும் எல்லாமே அடுத்த தலைமுறையிடம் ஒரே அளவில் பேசுவதில்லை.

இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நினைவகத்தின் மதிப்பு அதன் பரப்பளவிலோ செலவிலோ இல்லை என்பது புலப்படும். நிகழ்வுக்குப் பின் பிறந்த ஒருவர் அங்கே வந்து நிற்கும்போது எழக்கூடிய மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்கிறதா என்பதே அளவுகோல். இறந்தவர்கள் யார்? ஏன் இறந்தார்கள்? அதன் பிறகு என்ன மாறியது?

யார் என்ற கேள்வி

போபால் துயரத்தை உலகுக்குக் காட்டிய புகைப்படங்களில் மிகவும் அறியப்பட்டது, மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகம். ரகு ராய், பாப்லோ பர்த்தலோமியு ஆகிய இரு புகைப்படக் கலைஞர்கள் அந்தக் காட்சியைப் பதிவு செய்தனர். பர்த்தலோமியுவின் படம் அவ்வாண்டின் உலகச் சிறந்த செய்திப் புகைப்படத்துக்கான பரிசைப் பெற்றது. கோடிக்கணக்கானோர் பார்த்த அந்த முகத்தின் பெயர் இன்றளவும் எவருக்கும் தெரியாது. போபாலின் அடையாளமாக மாறிய குழந்தையே பெயரற்ற குழந்தையாக இருப்பது, அந்த நகரின் பெருந்துயரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறது.

பெயர்கள் மட்டுமல்ல, எண்ணிக்கையும் தெளிவாக இல்லை. வாயுக்கசிவை அடுத்து உடனடியாக அறிவிக்கப்பட்ட இறப்பு எண்ணிக்கை 2,259. பின்னர் மத்தியப் பிரதேச அரசு 3,787 பேர் எனத் தெரிவித்தது. கூடுதல் இழப்பீடு கோரி உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த மறுசீராய்வு மனுவில் 5,295 பேர் எனக் கூறப்பட்டது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகளோ, பிற்காலத்தில் நோயுற்று இறந்தவர்களையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை பல மடங்கு உயரும் என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றன. எண்ணிக்கை உறுதியாகாத இடத்தில் பெயர்ப் பட்டியல் முழுமை பெறுவது அரிது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு குஜராத்தின் புஜ் நகரில் உள்ளது. 2001 ஜனவரி 26-ஆம் தேதி காலை, நாடு குடியரசு தினத்தைக் கொண்டாடிக் கொண்டிருந்தபோது கட்ச் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 13,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுக்காக, புஜியோ குன்றில் 470 ஏக்கர் பரப்பில் உருவாக்கப்பட்ட ‘ஸ்மிருதிவனம்’ 2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடியால் திறந்து வைக்கப்பட்டது. அங்கே 12,932 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மழைநீரைத் தேக்கும் சிறு நீர்நிலைகளின் ஓரம் அந்தப் பெயர்ப் பலகைகள் அமைந்திருப்பதால், வறண்ட குன்றில் நீரைத் தேடி நடப்பவர்கள் பெயர்களைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது.

அதே நிலநடுக்கத்தில், அஞ்சார் நகரில் குடியரசு தின ஊர்வலம் சென்ற 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இடிபாடுகளில் சிக்கி உயிரிழந்தனர். அவர்களுக்கென ‘வீர் பாலக்’ நினைவிடம் தனியாக அமைக்கப்பட்டுள்ளது. 13,800 என்ற பேரெண்ணுக்குள் கரைந்துவிடாமல், ஒரு ஊர்வலத்தில் கொடியேந்தி நடந்த பிள்ளைகளாகவே அவர்கள் நினைவுகூரப்படுகின்றனர்.

பெயர் எழுதுவது எளிய சடங்காகத் தோன்றலாம். ஆனால், ஆயிரக்கணக்கில் ஒருவராக எண்ணப்பட்டவரை மீண்டும் ஒரு தாயின் மகளாகவும், ஒரு தெருவின் தையற்காரராகவும் மாற்றுவது அந்த எழுத்துதான். பேரனுக்குத் தாத்தாவின் பெயர் கல்லில் கிடைக்கும்போது, பாடநூலில் படித்த துயரம் அவனுடைய குடும்ப வரலாறாக மாறுகிறது.

ஜாலியன்வாலா பாக் இதன் மறுபக்கத்தை உணர்த்துகிறது. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி, ஜெனரல் டயரின் ஆணைப்படி பத்து நிமிடங்களில் 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. எத்தனை தோட்டாக்கள் செலவாயின என்பது துல்லியமாகப் பதிவு செய்யப்பட்டது. ஆனால், எத்தனை உயிர்கள் போயின என்பதில் நூறாண்டுகள் கடந்தும் உடன்பாடில்லை. ஹண்டர் விசாரணைக் குழு 379 பேர் என்றது. காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு ஏறத்தாழ ஆயிரம் பேர் என மதிப்பிட்டது. ராணுவச் சட்டம் நிலவிய அச்சச் சூழலில், தம் வீட்டில் ஒருவர் இறந்ததைச் சொல்லவே பலர் தயங்கினர். நிகழ்வு நடந்த சில வாரங்களில் எழுதப்படாத பெயர்களை, பின்வந்த எந்தத் தலைமுறையாலும் முழுமையாக மீட்க இயலவில்லை.

ஏன் என்ற கேள்வி

இறந்தவர்களின் பெயர்களை எழுதுவதில் அரசுகளுக்குப் பெரிய தயக்கம் இருப்பதில்லை. காரணத்தை எழுதுவதில்தான் தயக்கம் தொடங்குகிறது. நிலநடுக்கத்துக்கு நினைவகம் எழுப்புவதும், மனிதர்களின் அலட்சியத்தாலோ வன்முறையாலோ நிகழ்ந்த சாவுகளுக்கு நினைவகம் எழுப்புவதும் ஒன்றல்ல. முன்னதில் இயற்கையைக் குறிப்பிட்டு நிறுத்திவிடலாம். பின்னதில் யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

போபாலில் நிகழ்ந்தது இயற்கைப் பேரிடர் அன்று. பூச்சிக்கொல்லி தயாரிப்புக்காகத் தொட்டியில் சேமித்து வைக்கப்பட்டிருந்த மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருளோடு நீர் கலந்ததால் வெப்பம் பெருகி, சுமார் 40 டன் வாயு வெளியேறியது. அதைத் தடுத்திருக்க வேண்டிய பாதுகாப்பு அமைப்புகள் அன்றிரவு பயன்படும் நிலையில் இல்லை. 1989-ல் 47 கோடி டாலர் இழப்பீட்டுடன் வழக்கு சமரசமாக முடிக்கப்பட்டது. 2010 ஜூன் 7-ஆம் தேதி, இந்திய நிறுவனத்தின் அதிகாரிகளாக இருந்த ஏழு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்கு உடனடியாகப் பிணையும் கிடைத்தது. முதன்மை நிறுவனத்தின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன், இந்திய நீதிமன்றத்தின் முன் விசாரணைக்கு நிற்காமலேயே 2014-ல் அமெரிக்காவில் காலமானார். கூடுதல் இழப்பீடு கோரிய மறுசீராய்வு மனுவை 2023 மார்ச் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்த வரலாறு முழுவதையும் கல்லில் எழுதும் நினைவகத்தை அரசு அமைக்குமா என்ற ஐயம் பாதிக்கப்பட்டவர்களிடம் இருப்பதில் வியப்பில்லை. ஆலை வளாகத்தில் நினைவகம் அமைப்பதற்காக 2005-ல் தேசிய அளவில் வடிவமைப்புப் போட்டி நடத்தப்பட்டு, டெல்லியைச் சேர்ந்த கட்டடக்கலை நிறுவனம் ஒன்று தேர்வு செய்யப்பட்டது. ஆனால், அந்த வடிவமைப்பு கட்டடமாக எழவில்லை.

அரசுக்காகக் காத்திராமல் மக்களே தங்கள் நினைவுச் சின்னங்களை நிறுவிக்கொண்டனர். நெதர்லாந்தைச் சேர்ந்த சிற்பி ரூத் வாட்டர்மேன் வடித்த தாய்-சேய் சிலை, ஆலைக்கு எதிரே 1985-ல் நிறுவப்பட்டது. முகத்தைக் கையால் மூடியபடி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து நிற்கும் அந்தத் தாயின் முன்பாகவே ஒவ்வோர் ஆண்டும் நினைவு நாள் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

2014-ல், பேரழிவின் 30-ஆம் ஆண்டில், ‘ரிமெம்பர் போபால்’ என்ற அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உயிர் பிழைத்தவர்களும் அவர்களுக்காகப் போராடுவோரும் உருவாக்கிய இந்த அருங்காட்சியகம், அரசிடமிருந்தும் பெருநிறுவனங்களிடமிருந்தும் நிதி பெறுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. குடும்பங்கள் பல்லாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்த உடைகள், புகைப்படங்கள், அன்றாடப் பொருட்கள் ஆகியவை அங்கே வைக்கப்பட்டுள்ளன. சுவரில் உள்ள தொலைபேசிக் கருவியைக் காதில் வைத்தால், அந்தப் பொருளுக்கு உரியவர்களின் குரல் கேட்கிறது. யார், ஏன் என்ற இரு கேள்விகளுக்கும் விடை அந்தக் குரல்களிலேயே இருக்கிறது.

இதே போக்கு வேறு இடங்களிலும் காணப்படுகிறது. போபாலுக்கு ஒரு மாதம் முன்பு, 1984 நவம்பர் தொடக்கத்தில், டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் அரசுக் கணக்கின்படியே 2,700-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களின் பெயர்களைத் தாங்கிய ‘உண்மைச் சுவர்’, நாடாளுமன்றத்துக்கு அருகில் உள்ள ரகப்கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் 2017-ல்தான் திறக்கப்பட்டது. அதை எழுப்பியது டெல்லி குருத்வாரா நிர்வாகக் குழு.

1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லி உப்ஹார் திரையரங்கத் தீயில் 59 பேர் உயிரிழந்தபோதும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரே சங்கம் அமைத்து நீதிமன்றப் படிகளில் பல்லாண்டுகள் ஏறி இறங்கினர். திரையரங்கத்துக்கு எதிரே அமைந்த நினைவுப் பூங்காவும் அவர்களின் முயற்சியால் உருவானதே. காரணத்தைச் சொல்லும் துணிவு, பெரும்பாலும் இழப்பைச் சுமந்தவர்களிடமிருந்தே வருகிறது.

சான்றாக நிற்கும் மண்

ஏன் என்ற கேள்விக்குச் சொற்களைவிட வலுவாக விடை தருவது சில நேரங்களில் இடமே. ஜாலியன்வாலா பாகின் சுவர்களில் உள்ள தோட்டாத் தழும்புகள் எந்த விளக்கப் பலகையையும்விடத் தெளிவாகப் பேசுகின்றன. அந்தத் திடல் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், 1920-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அந்த நிலம் விலைக்கு வாங்கப்பட்டதுதான். விடுதலைக்குப் பின், 1951-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு அது தேசிய நினைவகமானது. 1961 ஏப்ரல் 13-ஆம் தேதி அங்கு எழுப்பப்பட்ட நினைவுத் தூணைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார்.

2021-ல் அங்கு மேற்கொள்ளப்பட்ட புனரமைப்பு, நினைவிடங்களைப் பராமரிப்பது குறித்த கடும் விவாதத்தைக் கிளப்பியது. டயரின் படையினர் நுழைந்த குறுகிய சந்தின் சுவர்களில் மனித உருவச் சிற்பங்கள் பதிக்கப்பட்டன. மக்கள் உயிர் தப்பக் குதித்த கிணற்றைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு அமைக்கப்பட்டது. ஒலி-ஒளிக் காட்சியும் சேர்க்கப்பட்டது. சிதிலமடைந்து வந்த பகுதிகளைக் காக்கவும், வருவோருக்கு வரலாற்றை விளக்கவும் இவை தேவை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. தப்பிக்க வழியின்றி மக்கள் அடைபட்ட அந்தச் சந்தின் நெருக்கடியை உணரவிடாமல் அலங்காரம் மறைத்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கண்டித்தனர்.

இரு தரப்பு வாதங்களிலும் ஓரளவு நியாயம் உண்டு. பராமரிப்பே இல்லாத நினைவிடம் அழிந்துபோகும். ஆனால், கண்ணுக்கு இனிமையாக்கப்பட்ட நினைவிடம் தன் சாட்சியத்தை இழந்துவிடும். போபால் ஆலையின் துருப்பிடித்த கட்டமைப்புகள் இப்போது அதே முச்சந்தியில் நிற்கின்றன. அவற்றை இடித்துவிட்டுப் பளிங்கு மண்டபம் எழுப்பினால், வெளியேறிய வாயு எந்தத் தொட்டியிலிருந்து வந்தது, குடியிருப்புகள் அதற்கு எத்தனை அருகில் இருந்தன என்பதை எதிர்காலப் பார்வையாளர் தம் கண்ணால் காண வழியிருக்காது. மண்ணையும் நீரையும் தூய்மைப்படுத்தாமல் அவற்றை அப்படியே விட்டுவைத்தால், அருகில் வாழ்வோரின் துன்பம் தொடரும். சான்றுகளைக் காத்துக்கொண்டே நிலத்தைத் தூய்மைப்படுத்துவது கடினமான பணி எனினும், அதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

என்ன மாறியது?

மூன்றாவது கேள்வியே இளைய தலைமுறைக்கு மிக நெருக்கமானது. தாம் காணாத ஒரு துயரத்துக்காக வருந்தச் சொன்னால் அவர்கள் மரியாதையுடன் தலைகுனிவார்கள். அது மீண்டும் நிகழாதிருக்க என்ன செய்யப்பட்டது என்று சொன்னால்தான் நிமிர்ந்து கவனிப்பார்கள்.

2004-ஆம் ஆண்டு தமிழகத்துக்கு இரு பெருந்துயரங்களைத் தந்தது. ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகி மாண்டனர். டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கும்பகோணத்திலும் வேளாங்கண்ணியிலும் நினைவிடங்கள் உள்ளன. ஆண்டுதோறும் பெற்றோரும் உறவினரும் அங்கு மெழுகுவத்தி ஏற்றி, மலர் தூவி அஞ்சலி செலுத்துகின்றனர்.

அந்த இரு துயரங்களும் கல்லோடு நின்றுவிடவில்லை. கும்பகோணத் தீ விபத்தைச் சுட்டிக்காட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான கட்டடத்தில் கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நாடு முழுவதும் உள்ள பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005-ல் தேசியப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. ஒரு மாணவி தன் பள்ளிச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியைப் பார்த்து, அது 94 குழந்தைகளின் பெயரால் வந்தது என்று அறிந்திருந்தால், அந்தக் கருவியும் ஒரு நினைவுச் சின்னமே.

நினைவு எச்சரிக்கையாகவும் செயல்பட முடியும் என்பதற்கு ஜப்பானில் தெளிவான சான்று உண்டு. அனேயோஷி என்ற கடலோரச் சிற்றூரில், 1933 ஆழிப்பேரலைக்குப் பின் நாட்டப்பட்ட கல் ஒன்று, அதற்குக் கீழே வீடு கட்ட வேண்டாம் என்று பிற்காலத்தவரை எச்சரித்தது. ஊரார் அதற்குக் கட்டுப்பட்டனர். 2011-ல் எழுந்த பேரலை அந்தக் கல்லை எட்டுவதற்கு முன்பே நின்றுபோனது.

போபாலின் நினைவும் நாட்காட்டியில் இடம் பெற்றுள்ளது. டிசம்பர் 2-ஆம் தேதி தேசிய மாசுக் கட்டுப்பாட்டு தினமாகக் கடைப்பிடிக்கப்படுவது போபாலில் இறந்தவர்களின் நினைவாகவே. ஆனால், அன்று பள்ளிகளில் நடக்கும் ஓவியப் போட்டிகளில் புகைபோக்கியும் மரக்கன்றும் வரையும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த நாளின் பின்னணி சொல்லப்படுகிறது என்பது ஆசிரியர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பெயரும் காரணமும் உதிர்ந்துபோன நாள், காலப்போக்கில் வெறும் விழாவாகிவிடுகிறது.

தாமதத்தின் விலை

நினைவகம் அமைக்க ஆகும் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. 1947 பிரிவினையில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் இடம்பெயர்ந்தனர். உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் இரண்டு லட்சத்தில் தொடங்கி, பத்து லட்சத்துக்கும் மேல் செல்கின்றன. இத்தகைய நிகழ்வுக்கென அமிர்தசரஸ் நகர மண்டபத்தில் ஓர் அருங்காட்சியகம் உருவாக 70 ஆண்டுகள் ஆயின. 2017-ல் திறக்கப்பட்ட அதுவும் ஓர் அறக்கட்டளையின் முயற்சியே. மூட்டை முடிச்சுகளோடு எல்லை தாண்டியவர்கள் கொடுத்த பெட்டிகள், துணிகள், கடிதங்கள், வாய்மொழிப் பதிவுகள் ஆகியவற்றால் அது நிறைந்துள்ளது. 70 ஆண்டுகளில் மறைந்துபோனவர்களின் சாட்சியம் அங்கே இல்லை. அதை இனி எவராலும் சேர்க்க இயலாது.

1943 வங்கப் பஞ்சத்தின் நிலை இன்னும் துயரமானது. பட்டினியாலும் அதையொட்டிப் பரவிய நோய்களாலும் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர் என்று ஆய்வாளர்கள் பலர் மதிப்பிடுகின்றனர். அவர்களுக்கென நாட்டில் பெரிய நினைவகம் எதுவும் எழவில்லை. சித்தபிரசாத், ஜைனுல் ஆபிதீன் போன்ற ஓவியர்களின் கோடுகளும், சத்யஜித் ரே, மிருணாள் சென் ஆகியோரின் திரைப்படங்களுமே அந்தப் பஞ்சத்தை நினைவில் நிறுத்தியுள்ளன. சித்தபிரசாத் தம் பயணத்தில் கண்டதை எழுதியும் வரைந்தும் வெளியிட்ட நூலின் பிரதிகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள். அவர்களுக்காகக் கல் கேட்கும் நிலையில் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

எந்தத் துயரம் நினைவகம் பெறுகிறது, எது பெறுவதில்லை என்பதை இழப்பின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. இறந்தவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள் யார், அந்தப் பேச்சு ஆட்சியில் இருப்போருக்கு உகந்ததா இல்லையா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

நம் காலத்தின் கடன்

இந்த அளவுகோலை இன்றைய தலைமுறை தன்மீதே பொருத்திப் பார்க்க வேண்டிய தருணமும் இது. கொரோனா பெருந்தொற்றில் இந்தியாவில் 5.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள் நிகழ்ந்திருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அந்தக் கணக்கீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. 2020-ல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவு செய்யப்பட்ட மொத்த இறப்புகள், 2021-ல் ஒரு கோடியே இரண்டு லட்சமாக உயர்ந்தன என்பதை 2025-ல் வெளியான அரசின் பதிவேட்டுத் தரவுகளே காட்டுகின்றன. இந்த உயர்வு முழுவதும் தொற்றால் நேர்ந்தது என்று கூற முடியாது. எனினும், அதன் அளவு கவலைக்குரியது.

அந்த நாட்களில் உயிரிழந்த பலருக்கு இறுதிச் சடங்கைக்கூட முறைப்படி செய்ய இயலவில்லை. மகன் தூரத்தில் நின்று பார்க்க, பாதுகாப்பு உடை அணிந்த ஊழியர்கள் உடலைத் தகனம் செய்தனர். உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கருணைத் தொகை கிடைத்தது. சாதாரண மக்களாக இறந்த அந்த லட்சக்கணக்கானோருக்கென, தேசிய அளவிலான நினைவகம் எதுவும் இதுவரை எழவில்லை. 1919-ல் அமிர்தசரஸில் எழுதப்படாமல் போன பெயர்களைப் போல, 2021-ன் பெயர்களும் நழுவிச் செல்வதற்கு அதிக காலம் ஆகாது.

கல்லும் நீதியும்

நினைவகங்களுக்கு எதிரான வாதங்களும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. நீதி வழங்க முடியாத இடத்தில் சிலை வைத்து மக்களைச் சமாதானப்படுத்தும் வழக்கம் நம் அரசியலில் பழையது. போபாலில் பாதிக்கப்பட்டோர், தூய குடிநீரும் முறையான மருத்துவமும் நியாயமான இழப்பீடுமே தங்களின் முதல் தேவை என்று சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. நோயோடு வாழும் ஒருவரிடம், அவருக்கு மருந்து தராமல் நினைவு மண்டபத்தின் வரைபடத்தைக் காட்டுவது கொடுமை.

பழைய காயங்களைக் கிளறுவதால் சமூகங்களிடையே பகை வளரும் என்ற அச்சமும் உண்டு. பிரிவினை, கலவரம் போன்றவற்றில் இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஒரு தரப்பின் இறப்பை மட்டும் எழுதி, மறுதரப்பின் இறப்பை மறைக்கும் நினைவகம் அடுத்த வன்முறைக்கு விதையாகலாம். அதற்கு மருந்து மறதி அன்று. எல்லாப் பெயர்களையும் எழுதுவதே மருந்து.

நீதியும் நினைவும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக முடியாது. ஆயினும், நீதிமன்றக் கதவுகள் மூடப்பட்ட பிறகு, உண்மையைப் பதிவு செய்யும் கடைசி இடமாக நினைவகமே எஞ்சுகிறது. 2023 தீர்ப்புக்குப் பின் போபால் அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஆகவே, ஆலை நிலத்தில் எழக்கூடிய நினைவகத்தைப் பற்றிய முடிவுகள் கட்டடக்கலையோடு முடிந்துவிடக் கூடாது. அங்கே எழுதப்படும் பெயர்ப் பட்டியலில், பின்னாளில் நோயுற்று இறந்தவர்களுக்கும் அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்கும் இடம் வேண்டும். அன்றிரவு செயல்படாமல் போன பாதுகாப்பு அமைப்புகள் எவை, பொறுப்பு யாருடையது, நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்பவை மழுப்பலின்றி இடம்பெற வேண்டும். அந்தப் பதிவை எழுதும் மேசையில், உயிர் பிழைத்தவர்களுக்கு விருந்தினர் நாற்காலி போதாது. முடிவெடுக்கும் உரிமை வேண்டும். மண்ணும் நீரும் தூய்மையாகும் பணி அதற்கு முன்பாகவோ, அதனுடன் சேர்ந்தோ நடைபெற வேண்டும்.

இதற்கான காலம் குறுகிக்கொண்டே வருகிறது. ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், அந்த இரவைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே எழுதப்படும் பெயர், சரிபார்க்கப்பட்ட பெயராக இருக்கும். அவர்கள் சென்ற பின் எழுதப்படுவது மதிப்பீடாக மட்டுமே இருக்கும்.